துளசிங்கம் நிறுத்தி வைத்த கார்டுகள்

எங்கள் நடுமேட்டுக் குப்பத்தில் கடிதம் என்பது காதால் வாங்குகிற சாமான். கையால் வாங்கி யாருக்கும் பிரயோசனமில்லை, படிக்கத் தெரிந்தால்தானே. பழவேற்காட்டிலிருந்து ஏரி வழியாகப் படகில் தபால் பை வரும். எங்கள் வீட்டு முன்னறைதான் கிளை அஞ்சலகம். என் நைனா வீரராகவன் அதற்கு போஸ்ட்மாஸ்டர். அவர் முத்திரை குத்தித் தர, துளசிங்கம் மாமா பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். எங்கள் குப்பம், அப்புறம் பக்கத்தில் மூன்று குப்பம். எல்லாம் மணல் நடை.

வலது தோள் அவருக்கு உதவாது. இருபத்திரண்டு வயதில் முகத்துவாரத்தில் கட்டுமரம் புரண்டு எலும்பு நழுவியது. துடுப்புப் போட முடியாத ஆளைக் குப்பத்தில் என்ன செய்வது? அஞ்சாம் கிளாஸ் படித்திருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது கலெக்டர் படிப்பு. நைனா கூப்பிட்டு வேலையில் வைத்தார். அது ஆயிற்று பதினொரு வருஷம்.

வலை காயப்போடும் மேட்டில் நின்று பெயரைக் கூப்பிடுவார். பெயருக்கு உரியவர் வருவார். உரியவரில்லாத நாற்பது பேரும் வருவார்கள். ஊர், தேதி, நலம், நலமறிய ஆவல் என்று ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படிப்பார். மனசுக்குள் படிக்க அவருக்கு வராது. நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். உதட்டை மூடினால் கண்ணும் நின்றுவிடுகிறது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எட்டாம் வகுப்பு என்னை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போதும் என்றது. அதிலிருந்து ஊருக்கெல்லாம் கார்டு எழுதித் தருவது என் வேலை. கை சும்மா இருக்காது. ஒரு முறை சர்க்கார் அனுப்பியதுபோல சுப்பராயலு அண்ணனுக்கு ஒரு கார்டு போட்டேன்: ‘கடலில் மீன் கூட்டம் பார்க்கத் தங்களுக்கு ஹெலிகாப்டர் ஒன்று ஒதுக்கப்பட்டுள்ளது. நிறுத்த இடம் பார்த்து வைக்கவும்.’ துளசிங்கம் மாமா அதையும் மேட்டில் நின்று முகம் மாறாமல் படித்தார். சுப்பராயலு அண்ணன் காலடி வைத்து இடத்தை அளந்தே விட்டார்.

மறுநாள் மாமா என்னிடம் வந்தார்.

“தேவகி, கொம்பை இப்டி ஆட்டுக் கொம்பு மாதிரி வளைக்கறது ஏரியிலயே நீ ஒருத்திதான்.”

“தெரிஞ்சே ஏன் மாமா படிச்சீங்க?”

“அட்ரஸ் இருக்குது. முத்திரை இருக்குது. குடுக்கமாட்டேன்னு சொல்ல நான் யாரு?”

அவர் அப்படிப்பட்ட ஆள். அதனால்தான் பின்னால் நடந்ததை எழுத வேண்டியிருக்கிறது.

மேட்டுக்கு தினம் வந்தவர்களில் கோவிந்தம்மா அத்தையும் ஒருத்தி. புருஷன் இல்லை. ஒரே மகன் சிங்காரம், பத்தொன்பது வயது. ஆனி மாதம் ஒரிசாப் பக்கத் துறைமுகம் ஒன்றில் விசைப்படகு வேலைக்குப் போனான். போனதும் ஒரு கார்டு வந்தது. அப்புறம் இல்லை. அத்தை கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்தபடியே கேட்பாள்.

“எனுக்கு?”

மாமா பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூலையில் கைவிட்டுத் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார். “இல்ல கோவிந்தம்மா.”

ஆடி போயிற்று. ஆவணி போயிற்று. புரட்டாசியில் அந்தக் கார்டு வந்தது. அத்தைக்கில்லை, சுப்பராயலு அண்ணனுக்கு. அனுப்பியவர் பெயர் இல்லை. மாமா வழக்கம்போல உரக்கப் படித்தார்.

‘கடல் காக்கும் அம்மன் துணை. இதை ஒன்பது நாளுக்குள் இருபத்தொரு பேருக்கு எழுதி அனுப்பவும். எழுதிய ஒருவருக்கு ஒரே நாளில் வலை கொள்ளாமல் மீன் பட்டது. கிழித்துப் போட்டவர் வீட்டில் ஓர் உயிர் தண்ணீரில் போயிற்று.’

கூட்டம் சுப்பராயலு அண்ணனைவிட்டு ஓரடி விலகியது.

“இன்னாபா இது? நான் யாருக்கு இன்னா பண்ணேன்?” என்றார் சுப்பராயலு அண்ணன்.

“ஒனுக்கு வந்துச்சு, நீ எழுது,” என்றது ஒரு குரல். “ஆனா நாங்களும் கேட்டுட்டமே. எங்களுக்கும் உண்டா?”

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். வெளியுலகத்திலிருந்து எது வந்தாலும் அவர் வாய் வழியாக வந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“எனுக்குத் தெரிலையே,” என்றார் மாமா.

‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கார்டில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

சாயந்திரத்துக்குள் எங்கள் வீட்டில் நாற்பது பேர். நைனா வைத்திருந்த ஐம்பது கார்டும் அரை மணியில் தீர்ந்து, பழவேற்காட்டுக்குப் படகு அனுப்பி இன்னும் வாங்கி வந்தார்கள். நைனா மாட்டேன் என்றுவிட்டார், மாமாவுக்கு வலது கை ஆகாது; எழுதுகிற கை என்னுடையது ஒன்றுதான். எட்டு நாள் எழுதினேன். விரல் வீங்கியது. சலிப்பு வந்தால் எனக்கு விஷமம் வரும். கோவிந்தம்மா அத்தையின் கார்டுகளை எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘இதைக் கேட்டவர்களுக்கும் இது பொருந்தும்.’ யார் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான். வேறு ஒன்றுமில்லை.

“சிங்காரத்துக்கும் ஒண்ணு எழுது,” என்றாள் அத்தை. “இதுக்காச்சும் பயந்து பதில் போடுவான்.”

எழுதினேன். அதிலும் அந்த வரி இருந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏரியைச் சுற்றிப் பதினாலு குப்பம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்குள்ளேதான். இருபத்தொரு பேருக்கு எழுது என்றால் அக்கா வீட்டுக்கு, சம்பந்தி வீட்டுக்கு, கொழுந்தனார் வீட்டுக்கு எழுதுவோம். அக்காவும் சம்பந்தியும் கொழுந்தனாரும் ஆளுக்கு இருபத்தொன்று எழுத உட்கார்ந்தால் நமக்குத்தான் எழுதுவார்கள். வேறு யாரைத் தெரியும்? ஐப்பசி பிறக்கும்போது மாமாவின் பையில் தினம் இருநூறு கார்டு. சாதாரண நாளில் ஏழோ எட்டோ வரும். என் வரியும் ஊர் சுற்றித் திரும்பி வந்தது. இப்போது அது எல்லாக் கார்டிலும் இருந்தது. சிலதில் அம்மன் பெயருக்கு அடுத்தபடியே இருந்தது.

எழுதி முடிக்காமல் கடலில் கால் வைக்கப் பயந்து பாதிப் பேர் தொழிலுக்குப் போகவில்லை. மாமா படித்தால் கேட்டவர் கணக்கு கூடும் என்பதால் அவரைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டார்கள். “கார்டு வருது! கார்டு வருது!” என்று பிள்ளைகள் ஓடினார்கள். பதினொரு வருஷமாக வழிமேல் காத்திருந்து “வா துளசிங்கம்” என்று நீராகாரம் கொடுத்த வீடுகள் படலைச் சாத்தின. கருவாடு காயப்போடும் இடத்தில் மாமாவின் சம்சாரம் தெய்வநாயகிக்குப் பக்கத்தில் யாரும் கூடை வைக்கவில்லை.

“அந்தப் பையை ஊட்டுக்குள்ள எடுத்தாராத,” என்று அவளும் சொல்லிவிட்டாள். பை எங்கள் வீட்டில் தூங்கியது.

என்ன செய்வது என்று முன்னறையில் தினம் பேச்சு. நைனா புரட்டாசியிலேயே மேல் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: விலாசம் எழுதிய தபால் எதையும் விநியோகிக்காமல் விடக்கூடாது.

“இருக்கறதச் சொல்லவா மூணு வாரம்?” என்றார் நைனா.

மாமா பழவேற்காடு போய் மக்பூல் சாயபுவிடம் மந்திரித்த நூல் கேட்டார். அவர் நூலைப் பை வாரில் கட்டிவிட்டு உண்மையைச் சொன்னார். “தொளசிங்கம், பயத்துக்கு நூல் கட்றேன். தபாலுக்கு என்கிட்ட நூல் இல்லபா.”

நான் ஒரு யோசனை சொன்னேன். “மாமா, மாத்துக் கார்டு எழுதறேன். ‘இந்தக் கார்டைக் கேட்டவர்களுக்கு முன் வந்த கார்டு செல்லாது. இதை இருபத்தொரு பேருக்கு அனுப்பவும்’னு.”

“அதையும் நான்தானே சுமக்கணும்?” என்றார் மாமா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

ஒரு நாள் இரண்டாவது குப்பத்துக்குப் போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். பை அப்படியே இருந்தது. ஊர் வாசலில் பெண்கள் விளக்குமாற்றோடு நின்றார்களாம். யாரும் அடிக்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். அவருடைய சொந்தத் தங்கையும் நின்றாளாம்.

பையை இறக்கி என் முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார்.

“தேவகி, உன் கண்ணு வேகம். மொத வரியப் பாத்தே இது அந்தக் கார்டுன்னு சொல்லிடுவியா?”

“மொத வார்த்தையே போதும் மாமா.”

“பொறுக்கி எடுத்துடு. மத்தத நான் குடுக்கறேன்.”

“இது தப்பு துளசிங்கம்,” என்றார் நைனா. “ரூல் தெரியுமில்ல?”

“தெரியும்ணே. யாரு நிறுத்தனதுன்னு கேட்டா என் பேரச் சொல்லு.”

நைனா எழுந்து போய் சுவர்க் காலண்டரில் அன்றைக்கு என்ன திதி என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

அன்றையிலிருந்து பை வந்ததும் நான் பாயில் உட்காருவேன். ‘கடல் காக்கும்’ என்று கண்ணில் பட்டால் உப்பு மூட்டைச் சாக்குக்குள் போடு. அடுத்தது. இருநூறு கார்டை நாலு நிமிஷத்தில் முடிப்பேன். மாமா தன்னுடைய கண்ணால் இருநூறு கார்டைப் படிக்க ஒரு பகல் வேண்டும். ஏரிக்கு இந்தப் பக்கம் என்னைப்போல் ஒரு கண் கிடையாது என்று எனக்கு ஏகப்பட்ட கர்வம். எட்டாம் வகுப்பு பெயிலான கண்.

ஊர் தெளிந்தது. வராத கார்டுக்கு யார் பயப்படுவார்கள்? ஆண்கள் கடலுக்குப் போனார்கள். படல் திறந்தது. மாமா மறுபடி மேட்டில் நின்று ஆறு கார்டோ ஏழு கார்டோ படித்தார். குரல் பழையபடி கணீரென்று வந்தது.

“எனுக்கு?” என்று கோவிந்தம்மா அத்தை கேட்டாள்.

பை காலியாக இருப்பது தெரிந்ததுதானே. கவிழ்க்க என்ன இருக்கிறது?

“இல்ல கோவிந்தம்மா,” என்றார்.

ஐப்பசி கடைசியில் பழவேற்காட்டு உமர் பாய் படகில் வந்து இறங்கினார். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். ஒரிசாப் பக்கம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். முன்னறையில் மாமாவைப் பார்த்ததும் கேட்டார்.

“இன்னாபா, கோவிந்தம்மா இன்னும் கெளம்பலையா?”

“எங்க?”

“எங்கவா? பையன் ஆஸ்பத்திரில கெடக்கறான். கார்டு போட்டானே! நான்தான்யா பொட்டில போட்டேன். பாஞ்சு நாளைக்கு மேல ஆவுது.”

மாமா என்னைப் பார்த்தார். சாக்கை இழுத்து வந்து கொட்டினோம். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். உமர் பாயும் உட்கார்ந்து தேடினார். பாதிக் குவியல் போனதும் ஒரிசா முத்திரையோடு ஒன்று என் கையில் வந்தது. மேலே ‘கடல் காக்கும் அம்மன் துணை.’ அதன் கீழே இருபத்தொரு பேர், ஒன்பது நாள், எல்லாம். என் வரியும் இருந்தது. கார்டை வீணாக்காமல் மிச்ச இடத்தில் நெருக்கி நெருக்கிச் சொந்தச் சேதி.

மாமா அதை வாங்கினார். அவருக்கு மனசுக்குள் படிக்க வராது. அதனால் முதல் வரியிலிருந்து ஒன்று விடாமல் நாங்கள் எல்லாரும் கேட்டோம்.

‘அம்மா, நீ அனுப்பிய கார்டு வந்தது. இங்கே எழுத ஆள் கிடைக்கவில்லை. அதற்குள் வலை இழுக்கும் விஞ்சு கயிறு என் இடது காலைப் பிடித்துவிட்டது. கெடு தவறியதால்தான் என்று நினைக்கிறேன். இப்போது உமர் பாய் வந்து எழுதித் தருகிறார். இருபத்தொன்றில் உனக்கு ஒன்று. ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். காலில் கத்தி வைக்கணுமாம். வீட்டு ஆள் வரணுமாம். எனக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை. சீக்கிரம் வா. துளசிங்கம் மாமாவைக் கூட்டிக்கொண்டு வா. அவருக்குப் படிக்கத் தெரியும்.’

“மேல இந்த எழவையும் எழுதுன்னு அழுதான்,” என்றார் உமர் பாய். “எழுதனேன். நான் இன்னாத்தக் கண்டேன்?”

கார்டில் நைனா குத்திய வரவு முத்திரை இருந்தது. பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதி. நைனா முத்திரைக் கட்டையை எடுத்தார்.

“துளசிங்கம், அதும்மேல இன்னிக்குத் தேதி குத்தித் தரேன். இன்னிக்கு வந்துச்சுன்னு சொல்லிடு. அவ கெளம்பட்டும். உன் வேலையும் பொழைக்கும்.”

“கட்டைய வையிண்ணே,” என்றார் மாமா.

மேட்டுக்குப் போனார். பின்னாலேயே நானும் போனேன். கோவிந்தம்மா பெயரைக் கூப்பிட்டார். அவள் கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். எல்லாரும் வந்தார்கள். முதல் வரியைக் கேட்டதும் காதைப் பொத்தப் போன கைகள் ‘அம்மா’ என்று வந்ததும் இறங்கின. முழுதும் படித்து முடித்துவிட்டு மாமாவே சொன்னார்.

“இது வந்து பன்னெண்டு நாளாச்சு. பயம் அடங்கட்டும்னு அந்தக் கார்டுங்களையெல்லாம் நிறுத்தி வச்சேன். இதுவும் அதுல போயிடுச்சு.”

யாரோ மண்ணை வாரி அவர்மேல் எறிந்தார்கள். யாரென்று பார்க்கவில்லை. ‘ஒதுக்கினது நான்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஊர் முழுக்க வாயாடி என்று பெயரெடுத்த வாய். காற்றுகூட வெளியே வரவில்லை.

கோவிந்தம்மா அத்தை கத்தவில்லை. “எப்பக் கெளம்பலாம்?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த படகிலேயே போனார்கள். மாமாவும் கூடப் போனார். பையை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். அவருக்குப் படிக்கத் தெரியும் என்றுதானே பையன் கூப்பிட்டான்? போய் இறங்கினால் ஒரு போர்டிலும் ஒரு தமிழ் எழுத்து இல்லையாம். இரண்டு பேரும் காலைப் பிடித்துக் காட்டிக் காட்டியே ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தார்களாம்.

கார்த்திகை கடைசியில் திரும்பி வந்தார்கள். மழை வெள்ளம் கரையோரம் சேறு சேர்த்திருந்ததால் படகு தூரத்திலேயே நின்றது. மாமா சிங்காரத்தை இடது தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் சேற்றில் நடந்து வந்தார். பையனுடைய இடது பாதம் பாதிக்கு மேல் இல்லை. சீக்கிரம் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்று அங்கே டாக்டர் கையால் அளந்து காட்டினாராம். கரையில் அவனை இறக்கியதும் கோவிந்தம்மா அத்தை மகனின் அக்குளில் தன் தோளைக் கொடுத்து நடத்திக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மேல் ஆபீசிலிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். மாமா எல்லாவற்றுக்கும் “ஆமா” என்றார். வேலை போயிற்று. சாக்கை அளந்து எண்ணி எடுத்துப்போனார்கள். ஒரு வாரத்தில் அதே சாக்கு திரும்பி வந்தது, விநியோகிக்கச் சொல்லி. புது ஆள் ஒரு கார்டு விடாமல் வீடு வீடாகக் கொடுத்தார். ஒருவரும் பயப்படவில்லை. பிள்ளைகள் அவற்றை மடித்து ஏரியில் விட்டார்கள். நான் ஒரு ஓரமாக உட்கார்ந்து, என் ஆட்டுக் கொம்பு எழுத்துகள் மிதந்து போவதைப் பார்த்தேன்.

மாமா இப்போது லைட்ஹவுஸ் குப்பத்தில் கூலிக்கு வலை பின்னுகிறார். அதற்கு ஒரு தோள் போதும். தினம் காலையில் போகும்போதும் வரும்போதும் கோவிந்தம்மா அத்தை வீட்டு வழியாகத்தான் போகிறார். சுற்று வழி அது. அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தை மாதம் ஒரு நாள் அத்தை மீன் அலசிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அத்தே, அந்தக் கார்டை ஒதுக்கனது நான். மாமா இல்ல. கேட்டவங்களுக்கும்னு எழுதனதும் நான்தான்.”

அவள் கை நிற்கவில்லை. “ஒதுக்கனது நீன்னு தெரியும். அவனுக்கு ஏது அவ்ளோ வேகம்?”

“அப்புறம் ஏன் என்கிட்ட பேசற, அவர்கிட்ட பேச மாட்டேங்கற?”

அத்தை மீனைத் தட்டில் வைத்தாள். உள்ளே சிங்காரம் கட்டையை ஊன்றி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. அது ஓயும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள்.

“நீ கண்ணால பாத்து ஏமாந்த. சின்னப் பொண்ணு. அவன் பன்னெண்டு நாளு என் எதிர்ல வந்து நின்னு ‘இல்ல கோவிந்தம்மா’ன்னான். தேடிப் பாத்தவன் சொல்றாப்பலயே சொன்னான். நானும் தேடித்தான் சொல்றான்னு ஊட்டுக்குப் போயி சோறு தின்னேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச மீனை அலசிக் கொடுத்தேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

அவள் சொன்னதை மாமாவிடம் நான் இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.